கரும்புகையும் காணாப் புகையும்

அன்னூர்ச் சந்தைக்குப் பின்னால் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்த வருஷங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தக் காலத்து ஆட்களுக்கு நிறுத்தவே தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் அவை. மணல் தரையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு படம் பார்த்த சுகம் பிறகு எந்த மெத்தை நாற்காலியில் கிடைத்தது? கொட்டகைப் பக்கம் கரண்ட் கம்பி இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. திரையில் விழுந்த வெளிச்சத்துக்கும் காதில் விழுந்த பாட்டுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு எஞ்சின் ஓடியாக வேண்டும். அதை ஓட்டியவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரரான ஷேக் பரீத்.

எஞ்சின் டீசல் எண்ணெயில் ஓடுவது. ஊர்க்காரர்கள் வாயில் அது குரூடாயில் எஞ்சின். தரை அதிர ஓடும். குழாய் வழியே கரும்புகையைக் கக்கும். பரீதின் வெள்ளைச் சட்டை இரண்டே நாளில் கரித்துணியாகிவிடும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஊமைப்படம் ஓடியவரை யாரும் அந்தச் சத்தத்தைப் பெரிதுபடுத்தவில்லை. படம் பேச ஆரம்பித்ததும் வம்பு வந்தது.

“எஞ்சினை நிறுத்துங்கப்பா, பாட்டே கேக்கலை!” என்று மணலில் இருந்து கூச்சல் கிளம்பும். எஞ்சினை நிறுத்தினால் பாட்டோடு படமும் போய்விடும் என்பது அந்த மகராசன்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் கத்துவார்கள்.

பரீதின் மனைவி உம்மல் குல்சும் கத்தவில்லை, ஏங்கினாள். அவள் வீட்டுப் பெண்கள் டாக்கீஸுக்குள் போகிற வழக்கமில்லை. அன்னூரிலேயே பிடித்திருந்த வாடகை வீட்டிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் கணவனுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில், திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில் நாலு அடி பாட்டாவது காதில் விழாதா என்று நிற்பாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. புகையில் இருமிக்கொண்டு திரும்பிப் போவாள். பரீதுக்கு அது மனதை அறுக்கும். ஊருக்கே பாட்டுக் கொடுக்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு பாட்டுக் கொடுக்க முடியவில்லையே!

ஜனங்களின் கூச்சல் பொறுக்காமல் முதலாளி அப்புசாமி ஒரு நாள் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். சின்ன எஞ்சின், சத்தமும் கம்மி. முக்கியமாக, புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. பரீத் பூரித்துப் போனார். மிச்சமிருந்த சத்தத்தையும் அடக்கிவிட வேண்டும் என்று எஞ்சினைச் சுற்றி, ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவுக்கு அறை மாதிரித் தகரம் அடித்தார்; தகரத்தின் மேல் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார். புகைக்குழாயை வெளியே விட்டால் அது கத்தும் என்று உள்ளேயே விட்டுவிட்டார். கரும்புகை எஞ்சினை இப்படி மூடி வைக்க எந்தப் பைத்தியக்காரனும் துணியமாட்டான், அரை நிமிஷத்தில் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்துவிடுவான். இதுதான் சாதுவாயிற்றே என்று நினைத்தார் பரீத்.

“குல்சும், இன்னிக்கு உள்ளயே உக்காந்து கேளு. ஒருத்தரும் பாக்கமாட்டாங்க.”

“புகை வருமேங்க?”

“எங்க வருது? நீயே பாரு.”

அவளும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, திரைப்பக்கத் தகரத்தில் காதை வைத்து உட்கார்ந்தாள். முதல் பாட்டு முழுசாகக் கேட்டது. அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பரீத், பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கக் கொட்டகை வாசலுக்கே போய்விட்டார். யாரும் கத்தவில்லை. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அவர் ஒரு படத்தை நின்று நிதானமாகப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது குல்சும் சாக்கின் மேல் சாய்ந்திருந்தாள். கன்னம் செக்கச்செவேல் என்றிருந்தது. பாட்டில் சொக்கித் தூங்கிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டார். தலை துவண்டு விழுந்தது. கூப்பிட்டார், அசைவில்லை. அதற்குள் அவருக்கே கண் இருட்டியது. எஞ்சினை அணைத்து, தகரத்தை எட்டி உதைத்து, அவளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். பாதிப் பாட்டில் படம் நின்றது. உள்ளே விசில் பறந்தது. “யா அல்லா, இவளைக் குடுத்துரு” என்று அவர் வேப்பமரத்தடியில் அழுதது யார் காதிலும் விழவில்லை.

காற்றுப் பட்டுப் பட்டு, வெகுநேரம் கழித்துக் கண் விழித்தாள். அப்புசாமி டாக்டரைக் கூட்டிவந்திருந்தார்.

“பெட்ரோல் புகையில இருக்கற விஷத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லைங்க. மூடின எடத்துல ஆளைச் சத்தமில்லாம முடிச்சுப்போடும்” என்றார் டாக்டர்.

“அப்ப எனக்குப் பழைய எஞ்சினே போதுமுங்க. அதுல புகை வந்தா கண்ணுக்குத் தெரியும்” என்றார் பரீத்.

“அதுவும் நல்லதில்லைங்க. அந்தக் கரி தினம் கொஞ்சங்கொஞ்சமா நெஞ்சுல இறங்கும்.”

“மெதுவாத்தானே? இறங்கட்டுமுங்க.”

பெட்ரோல் செலவை நினைத்து அப்புசாமியும் சரி என்றுவிட்டார். பழைய எஞ்சின் மறுபடி கரும்புகை கக்கியது. ஜனங்கள் மறுபடி கத்தினார்கள். குல்சும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவளுக்காக, ஒவ்வொரு படத்திலும் எஞ்சின் சத்தத்தை மீறிக் காதில் விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்து, வீட்டில் பரீத் பாடிக் காட்டுவார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. அவளுக்கு அதுதான் டாக்கீஸ். அந்த நாட்களை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

வருஷம் போகப் போக, பாட்டின் நடுவில் இருமல் புகுந்தது. முதலில் அடிக்கு அடி இடைவெளி விட்டு வந்தது. பிறகு அடியையே விழுங்கியது. ஒரு நாள் ஒரு பல்லவியைத் தாண்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். விட்ட இடத்திலிருந்து குல்சும் மெல்லப் பாடி முடித்தாள். முடித்துவிட்டு அவர் முதுகைத் தடவினாள்.

“அன்னிக்கு நீங்க என்னைத் தூக்கிட்டு வெளிய ஓடினீங்க. காத்துப் பட்டுப் பொழச்சேன்” என்றாள். “இப்ப உங்களை நான் எங்கீங்க தூக்கிட்டு ஓடறது?”