குடிலுக்குச் சுற்றிய புதுக் கயிறு

கடலுக்குப் போன என் புருஷன் உயிருக்கு உலை வைத்தவள் நான்தான். வேறு யாரும் இல்லை. மாதா கோயிலுக்கு வருகிற உங்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னால்தான் என் நெஞ்சு ஆறும். கேளுங்கள்.

கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் இருந்தது. கோட்டையில் இருக்கிற ஒல்லாந்து வெள்ளைக்காரர்களுக்குச் சுரூபம், சிலை என்றாலே ஆகாது. ஆனாலும் வீட்டுக்குள் நாம் குடில் வைப்பதை அவர்கள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஏரிக் களிமண்ணில் மாதா, சூசையப்பர், மாடு எல்லாம் நானே பிடித்தேன். மாடு நாய் மாதிரி வந்துவிட்டது, போகட்டும். ஓலைக் கூரையைக் கட்டத்தான் கயிறு இல்லை.

கட்டுமரம் கரையேறியதும் கட்டைகளைப் பிரித்துக் காயப்போடுவார்கள். கயிறு வீட்டுக்கு வந்துவிடும். மறுபடி போகும்போதுதான் சேர்த்துக் கட்டுவார்கள். என் புருஷன் சவரிமுத்து அப்போதுதான் புதுக் கயிறு வாங்கியிருந்தார். ஆண்டவருக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்? அதை எடுத்துக் குடிலுக்குச் சுற்றினேன். போன வருஷத்துப் பழங்கயிற்றை அவர் கூடையில் சுருட்டி வைத்தேன். அவர் வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன், பாவி. அவர் விடியுமுன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு போய், இருட்டில் கயிற்றைப் பார்க்காமலே மரத்தைக் கட்டித் தனியாகப் போய்விட்டார்.

காலையில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. மற்ற மரங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. அவர் மரம் மட்டும் வரவில்லை. என் மகள் ஞானம்மா குடிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இது நைனாவோட புதுக் கயிறாச்சே?" என்றாள்.

பழங்கயிறு அவர் கூடையில் போனது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கரைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தண்ணன் காலில் விழுந்தேன்.

"இந்தக் காத்துல மரம் எறக்குனா, எங்களத் தேட வேற ஆள் வேணும் தங்கச்சி. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு" என்று அவரும் அழுதார். அவர் சொன்னது நிஜம்தான்.

வீட்டுக்கு வந்து குடிலிலிருந்து கயிற்றை உருவினேன். கூரை சரிந்தது. சூசையப்பர் குப்புற விழுந்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? சிறு வயதிலிருந்து சொன்ன செப மந்திரம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "புடிச்சுக்கோ சாமி, புடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். காற்று அடங்கவில்லை. பசிக்கிறது என்ற ஞானம்மாவை அடித்துவிட்டேன். மத்தியானம் போயிற்று. வெயிலும் இறங்கிற்று. அலையைத் தவிர ஒன்றும் இல்லை. விதவையாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

பொழுது சாய்கிற நேரம், தெற்கே கரையோரமாக ஓர் ஆள் துடுப்பை ஊன்றி நடந்து வந்தார். அந்த நடை எனக்குத் தெரியும்.

"மரத்தோட முன்கட்டு அறுந்துபோச்சு. வலைய அறுத்துக் கட்டுனேன்" என்றார். இடுப்பிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக் காட்டினார். "பின்கட்டுக் கயித்துல முறுக்குன புரி மூணு. ரெண்டு போச்சு. இது ஒண்ணு மட்டும் கரை வரிக்கும் நின்னுச்சு. எப்பிடினு தெரியல."

நான் கதறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினார். பிறகு என் கையில் சுற்றியிருந்த கயிற்றைத் தானே பிரித்தார். இறுகின இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. பிறகு அவர் கத்தவில்லை.

மறுநாள் குடிலை அவரே நிமிர்த்தினார். கூரையை அந்த இற்றுப்போன துண்டால் கட்டினார்.

"கொட்டில்ல பொறந்தவரு. அவருக்கு இது போதும். புதுச கூடையில போடு" என்றார்.

அந்த ஒற்றைப் புரியைப் பிடித்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் குடிலுக்கு அதே துண்டுதான். வந்து தொட்டுப் பாருங்கள். உங்கள் ஆள் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் தவிக்கும்போது, மந்திரம் மறந்துபோனாலும் பரவாயில்லை, "புடிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். ஆண்டவர் பிடித்துக்கொள்வார். ஆனால் கயிற்றை மாற்றினால், தாயே, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.