என் சிலிண்டரை நானே தூக்குவேன்

துபாயிலிருந்து தன் மச்சான் அனுப்பியது என்று சொல்லி, எங்கள் காண்ட்ராக்டர் ஒரு கறுப்புப் பட்டையை என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கைக்கடிகாரம். பட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டால் இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று கடிகாரம் காட்டுமாம்.

"உன் காத்து எங்க வீணாவுதுன்னு இது சொல்லிடும் நைனா," என்றார். அவர் ஆந்திர எல்லையிலிருக்கிற தடாக்காரர். எல்லோரும் அவருக்கு நைனாதான்.

எனக்கு அந்தச் சாமானைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியில் முங்கிச் சேறு வழித்துக்கொண்டிருந்தோம். நானும் பழவேற்காட்டு பாயும். அடுத்த வாரம் கடற்கரையில் பெரிய வேலை: கடல்தண்ணீர் இழுக்கிற வாய்க்காலுக்குள் இறங்கிச் சிப்பி சுரண்டுவது. ஒரு சிலிண்டர் காற்றில் நாற்பது நிமிஷம் தாங்குகிறவனுக்குத்தான் அங்கே இடம். பாய் நாற்பத்தைந்து தாங்குவார். நான் முப்பதிலேயே மேலே வந்துவிடுவேன். சனிக்கிழமைக்குள் நான் தேறாவிட்டால் காசிமேட்டிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வருவதாகக் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில் பட்டை எதற்கு? பாயிடம் முணுமுணுத்தேன்.

"உப்புத்தண்ணில இந்த வாச்சு நம்பர் காட்டாதாம். அவரே சொன்னாரு. அப்ப கடல் வேலைக்கு இது இன்னாத்துக்கு? ஆளைக் கழிச்சுக் கட்டத்தான்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று பாய் சிரித்தார். "கட்டிப் பாரேன் மாமே. உள்ள இன்னா கல்லா வச்சிகினு இருக்கே, பயப்பட?"

கட்டினேன். தண்ணீருக்குள் மணிக்கட்டை நெஞ்சருகே கொண்டுபோனால்தான் எண் தெரியும். யாருக்கோ சலாம் வைப்பதுபோல அடிக்கடி கையை மடக்கிப் பார்த்தேன். அன்றும் முப்பது நிமிஷம்தான். மேலே வந்ததும் காண்ட்ராக்டர் கடிகாரத்தை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"அடியில வேலை செய்யும்போது நூத்திப் பத்துதான் நைனா. தண்ணில கால் வைக்கும்போதே நூத்தி நாப்பத்தெட்டு. இறங்கறதுக்கு முன்னாடி இன்னா பண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் பாய் சொல்லிவிட்டார்: "இன்னா பண்ணுவான்? சிலிண்டரைத் தூக்கிகினு ஏணி ஏறுவான். நான் கவுறு கட்டி இழுக்கறேன்னா உட மாட்டான்."

உண்மைதான். தொட்டிக்கு வெளியே இரண்டு ஆள் உயர இரும்பு ஏணி. சிலிண்டரை முதுகில் மாட்டி, முங்குவதற்கான ஈயப் பட்டையை இடுப்பில் கட்டி, ஏறின மூச்சோடேயே குதிப்பேன். முதல் பத்து நிமிஷம் நாய்போல இரைத்தே பாதிக் காற்றைக் குடித்துவிடுவேன். காரணம் பழையது. முன்பு ஒரு வேலையில் யாரோ வால்வைப் பாதி மட்டும் திறந்து என் முதுகில் மாட்டிவிட்டார்கள். அடியில் போனதும் காற்று சரியாக வராமல், ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் விழுந்து விழுந்து எழுந்தது. அன்றிலிருந்து என் சிலிண்டரை யாரும் தொடவிட்டதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்களே, அந்தக் கதை.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நீ காத்தை ஏணிலயே கொட்டிட்டு வரே," என்றார் காண்ட்ராக்டர்.

இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. பாய் ஏன் இவ்வளவு ஆர்வமாகக் கயிறு பிடிக்க வருகிறார்? காசிமேட்டில் அவருக்கு ஒரு தங்கை மாப்பிள்ளை இருக்கிறான், அவனும் முங்குகிறவன் என்பது வேறு ஞாபகத்துக்கு வந்தது. அந்த நினைப்பிலேயே வியாழனும் வெள்ளியும் நானேதான் தூக்கினேன். முப்பது, முப்பத்தொன்று.

சனிக்கிழமை காலை ஏணியடியில் நின்றேன். இன்றும் முப்பத்தொன்றிலேயே நின்றால் கடல் வேலை போய்விடும். பாய் மேலிருந்து கயிற்றை இறக்கினார். சிலிண்டரைக் கட்டிக் கொடுத்தேன். அது என் கையைவிட்டு மேலே ஏறும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்: நான் சும்மா நிற்கிறேன், நூற்றிருபது!

வெறுங்கையோடு மேலே போய் விளிம்பில் உட்கார்ந்தேன். பாய் வால்வை என் கண்ணெதிரே முழுக்கத் திறந்தார். நானும் ஒருமுறை திருகிப் பார்த்தேன். நான்கு மூச்சு இழுத்தேன், முள் அசையவில்லை. கடிகாரத்தில் நூற்றிப் பத்து, நூறு. எண்பத்தெட்டு வந்ததும் இறங்கினேன். அடியில் எண் ஏறும்போதெல்லாம் சேறு வழிக்கிற கரண்டியை நிறுத்தி, அது இறங்கும்வரை நீளமாக மூச்சு விட்டேன்.

மேலே வந்தாக வேண்டிய அளவான ஐம்பதில் முள் நின்றபோதுதான் வெளியே வந்தேன். நாற்பத்தொரு நிமிஷம்.

"ஒரு நிமிஷம் எக்ஸ்ட்ரா. நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு வச்சிக்கோ மாமே," என்றார் பாய்.

காண்ட்ராக்டர் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வண்டி," என்றார். அவ்வளவுதான்.

திங்களன்று வாய்க்கால் சுவர்மேல் நின்று பாய் கையை நீட்டினார். சிலிண்டரைக் கொடுத்தேன். அவர் மாட்டிவிட்டதும், தோளுக்குப் பின்னால் கையை விட்டு வால்வைத் தடவிப் பார்த்தேன்.

"இன்னும் டவுட்டு போவலியா?"

"சும்மா இரு பாய், பேச்சுக் குடுக்காதே," என்றேன். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் வேகமாகத்தான் இருந்தது. அது இறங்கட்டும் என்று பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.