இருட்டறைக் கதவில் முதுகு கொடுத்து நின்ற அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களும் நண்பர்களும் கையில் வைத்திருக்கும் இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அந்தப் பொறுமைக்கு அவர் சிந்திய ரத்தத்தையும் சேர்த்தே எழுதுவேன்.

ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்தார். அதை வைத்துத்தான் தங்கைகள் எங்களை ஆளாக்கினார். நான் இருட்டறையில் படம் கழுவினேன்.

அவருடைய கேமரா அப்போதே கிழடு. ரோலுக்குப் பன்னிரண்டு படம். தறியில் நெய்த துணி கோணலாகச் சுற்றிக்கொள்வதுபோல உள்ளே ஃபிலிம் கோணலாக ஏறினால் அதை நகர்த்தும் லீவர் பாதியில் நின்றுவிடும். பலம் காட்டி இழுத்தால் பல்சக்கரம் உடையும். வெளிச்சத்தில் மூடியைத் திறந்தால் எடுத்த படமெல்லாம் போய்விடும். இருட்டில் திறந்து, விரலால் தடவி, ஓரத்தை நேராக்கி எடுத்து, வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவுக்குள் போட்டு மூட வேண்டும். வேறு வழியே கிடையாது.

செல்போன் இல்லாத காலம். சேவூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டியதை எடுத்த கையோடு லீவர் நின்றுவிட்டது. ஸ்டுடியோவுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். தாலிப் படத்தைக் கோட்டை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று நினைத்துப் கல்யாணப் பெண்ணின் அண்ணன் ஆட்களோடு பின்னாலேயே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

“கேமராவத் தொறந்து காட்டு. படம் உள்ள கீதா, இல்ல ஏமாத்திகினு கீறியா?”

வெளிச்சத்தில் திறந்தால் உங்கள் தங்கை கல்யாணத்தில் ஒரு படமும் மிஞ்சாது என்று அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார். பதிலுக்கு அறை விழுந்தது.

அண்ணன் கேமராவை என் கையில் திணித்து, என்னை இருட்டறைக்குள் தள்ளி, தாழ் போடச் சொல்லிவிட்டு, கதவில் முதுகு கொடுத்து நின்றார். கேமரா ஸ்டாண்டின் காலைப் பிடுங்கி அவரை அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர் தலை கதவில் மோதியது. என் விரல்கள் ஃபிலிமின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தன. தாங்க முடியாமல், கதவைத் திறக்கிறேன் அண்ணா என்று கத்தினேன்.

“தொறக்காத. மொதல்ல டப்பாவுல போட்டு மூடு.”

மூடிய பிறகுதான் திறந்தேன். அண்ணன் மல்லாக்க என் காலடியில் விழுந்தார். இடது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் பெண்ணின் அண்ணன் கையைக் கடித்தேன். பல் எலும்பில் படும்வரை விடவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

படங்கள் பழுதில்லாமல் வந்தன. தாலி கட்டியதும் இருந்தது. கட்டுப் போட்ட தலையோடு அண்ணனே ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கல்யாண வீட்டின் மீது போலீசுக்குப் போகக் கூடாது என்று எங்களையும் அடக்கிவிட்டார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. கடைசியில் இதயம் பழுதாகிப் படுத்தபோதும், அன்றைக்கு அடித்தவன் வந்தால் ஒன்றும் சொல்லாதே என்றுதான் என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் கவனித்த நர்சுகளுக்கும், களம்பூரிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த எங்கள் சின்ன தங்கை குடும்பத்துக்கும், கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

பாடையைத் தூக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணின் அண்ணனும் வந்தார். தலை நரைத்திருந்தது. தோள் கொடுக்க அனுமதி கேட்டு, என் எதிரில் அழுதுகொண்டு நின்றார். அண்ணன் பேச்சை நான் வாழ்நாளில் மீறியது அப்போது மட்டும்தான்.

“தள்ளி நில்லுங்க” என்றேன்.