விளாமரத்தடியில் சுப்பம்மா

றக்வானைக்கு மேலே, பஸ் திணறித் திணறி ஏறும் கடைசி வளைவுக்கும் அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் சுப்பம்மா. சின்ன வயதிலேயே வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்துக் கூடை மாட்டினாள். அதே தோட்டத்துத் தேயிலை ஆலையில், ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் அழகமுத்துவைக் கட்டிக்கொண்டாள். முப்பது வயது கடந்தபோது தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரக் கோக்கிக்கு ஒத்தாசையாகப் போனாள். கோக்கி வேலையை விட்டுப் போனதும் குசினி முழுவதும் அவள் கைக்கு வந்தது. பலாக்கொட்டைக் கறியும் வைப்பாள், துரைசானி சொல்லிக்கொடுத்த புடிங்கும் செய்வாள். பிறகு வந்த துரை தனியாள். பாண் ரொட்டியும் பருப்பும் போதும் என்றார். சுப்பம்மா மறுபடியும் மலைக்கே போய்க் கொழுந்து எடுத்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் சட்டியில் எதையாவது தாளிக்கும்போது மட்டும், இதை நாலு பேருக்கு வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்.

பலாங்கொடையில் கல்யாண வீடுகளுக்குக் கூடாரமும் கதிரையும் வாடகைக்கு விடும் முக்தார், பழைய துரையின் காலத்தில் பங்களா விருந்துகளுக்கு வந்து போனவர். வடக்கில் சண்டை ஓய்ந்து, வெள்ளைக்காரர்கள் மறுபடியும் நாட்டுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம் அது. உடவளவைக் காட்டோரத்தில், ஒரு குளக்கரையில் கூடாரங்கள் அடித்து, உள்ளே கட்டிலும் கம்பளமும் போட்டு, யானை பார்க்க வருபவர்களைத் தங்கவைத்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. சமைக்க ஆள் வேண்டும் என்றதும் அவருக்குச் சுப்பம்மாவின் நினைவு வந்தது. 2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மனைவி ஸைனம்புவையும் கூட்டிக்கொண்டு அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே நேரில் வந்து கேட்டார்.

அவர்கள் போன பிறகு அழகமுத்து கேட்டான்.

"காட்டுல போயி யானைக்கா சோறாக்கப் போற?"

"வெள்ளைக்காரங்களுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ பேசுனா அதுகளுக்கு வெளங்காது, அதுக பேசுனா ஒனக்கு வெளங்காது."

"சாப்புடுறதுக்குப் பேசத் தேவையில்ல" என்றாள் சுப்பம்மா. அவன் அதற்குமேல் தடுக்கவில்லை. மறுநாள் அவளுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான்.

மலையை விட்டுக் கீழே இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. தேயிலை முடிந்து, றப்பர் முடிந்து, முள்ளுப் பற்றைகள் தொடங்கின. சுப்பம்மா அதுவரை பார்த்த யானைகள் எல்லாம் பெரஹரா ஊர்வலத்தில் துணி போர்த்திக்கொண்டு, காலில் சங்கிலியோடு நடந்தவைதான். அவை தம் விருப்பத்துக்கு நடமாடும் ஊருக்கு இப்போதுதான் போகிறாள்.

குளக்கரையில் இரண்டு பெரிய கூடாரங்கள் நின்றன. பலகைத் தளம், வெள்ளை நுளம்பு வலை தொங்கும் கட்டில், படிக்க ஒரு மேசை, சாய்ந்துகொள்ள நாற்காலி. கூடாரத்தின் பின்பக்கம் கித்தான் துணியால் மறைப்புக் கட்டி, கூரையில்லாமல் வானம் தெரிய, உள்ளே ஒரு பெரிய குளிக்கும் தொட்டி வைத்திருந்தார்கள். கித்தானுக்கு மேலே ஒரு விளாமரம் கிளை விரித்து நிழல் கொடுத்தது. படகோட்டியும் காட்டுக்கு வழிகாட்டியுமான குணபால என்பவர் அந்தப் பக்கத்து ஆள். சிங்களத்தில்தான் பேசுவார். சுப்பம்மாவுக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும் என்பதால் முதல் நாளே இருவருக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது.

முதல் விருந்தாளிகள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. சுப்பம்மா விடியற்காலையிலிருந்து சமைத்தாள். குளத்து மீனைப் பொரித்தாள், கோழி வறுத்தாள், காரம் குறைத்து ஒரு பருப்பு வைத்தாள், தேங்காய்ப்பாலில் பலாக்காய் ஆக்கினாள். கட்டில் விரிப்புகளையும் அவளே சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். மத்தியானம் திரும்பிய பிறகும் அவர்களை ஏற்றி வரும் வான் வரவில்லை. குளக்கட்டின்மேல் ஏறி நின்றால்தான் முக்தாரின் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அவர் ஏறிப் பேசிவிட்டு மெதுவாக இறங்கி வந்தார்.

"வாரல்லயாம். அந்த அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், கொழும்புல ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுப்பம்மா சட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஸைனம்புதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஆக்கின சோறு இரிக்கி. விரிச்ச படுக்க இரிக்கி. போட் இரிக்கி. நாங்க மனிசர் இல்லயா? மூணு நாளும் நாங்களே இருந்து பாப்பம். ஒரு கூடாரம் எங்களுக்கு, மத்தது சுப்பம்மா அக்காவுக்கு."

"எனக்கா நோனா? நான் குசினிப் பக்கம் படுத்துக்கிறேன்." முதலாளியின் மனைவியை அவள் நோனா என்றுதான் கூப்பிடுவாள்.

"குசினியில பாம்பு வரும்" என்றாள் ஸைனம்பு. குணபால ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸைனம்பு பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

முக்தார் மனைவியைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, விருந்தாளி வராட்டி யாரு குறை சொல்றது, நல்லதுன்னு யாரு சொல்றது? நாங்களே சொல்லுவம்" என்றார்.

பொழுது சாயும் முன்பே மேசையில் சாப்பாடு வைத்தார்கள். சுப்பம்மா வழக்கம்போல் பரிமாற எழுந்தாள். ஸைனம்பு அவளுடைய தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். முக்தார் அவளுடைய தட்டில் சோறு போட்டு, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். தான் ஆக்கிய கறியை, பக்கத்தில் யாருடைய தட்டு வெறுமையாகிறது என்று பார்க்காமல் சாப்பிடுவது அவளுக்குப் புதிதாக இருந்தது. முதல் சில வாய்கள் இறங்கவே இல்லை. பிறகு பலாக்காயின் ருசி நாக்கில் பட்டது. நன்றாகத்தான் வைத்திருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் போட்டுக்கொண்டாள். அன்று அந்த மெத்தை தன்னை உள்ளே இழுப்பதுபோல் இருக்கவே, கம்பளத்தில் இறங்கிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

காலையில் குணபால வெளியே நின்று, "அக்கே, தே" என்று கூப்பிட்டு, தட்டத்தில் தேநீரை வைத்துவிட்டுப் போனார். சுப்பம்மா அதை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். குளத்தில் வெள்ளைக் கொக்குகள் நின்றன. அதற்கப்பால், தான் பிறந்த மலைகள் நீலமாகத் தெரிந்தன. அந்த மலைகளை வெளியிலிருந்து அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. இவ்வளவு உயரத்திலா இருக்கிறோம் என்று ஆச்சரியப்பட்டாள்.

தேநீருக்குப் பிறகு நாலு பேரும் படகில் ஏறினார்கள். குணபால துடுப்புப் போட்டார். பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நின்றன, அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. நடுக்குளத்தை நெருங்கும்போது குணபால சட்டென்று துடுப்பை நிறுத்திக் கையைக் காட்டினார்.

எதிர்க்கரைப் பற்றையிலிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நின்று தண்ணீர் குடித்தன. பிறகு முன்னால் வந்த பெரியது தயங்காமல் குளத்துக்குள் இறங்கியது. மற்றவையும் இறங்கின. கொஞ்ச நேரத்தில் உடம்புகள் மறைந்து, தலைகளும் தூக்கிய தும்பிக்கைகளும் மட்டுமே தெரிந்தன. நடுவில் புல் வளர்ந்த திட்டை நோக்கி அவை நீந்தின. இரண்டு பெரிய யானைகளுக்கு இடையே ஒரு குட்டியின் தும்பிக்கை மட்டும் அமிழ்ந்தும் எழுந்தும் போனது. அவை மூச்சு விடுவது படகுக்குக் கேட்டது.

ஸைனம்பு முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு ஏதோ ஓதினாள். சுப்பம்மா படகின் ஓரத்தைப் பிடித்தபடி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பாட்டுக்குப் போகுதே" என்றாள் மெல்ல. "நம்மளப் பாக்கவே இல்ல."

அவை திட்டில் ஏறி, உடம்பிலிருந்து தண்ணீர் வழிய, புல்லைப் பிடுங்கத் தொடங்கின. குட்டி சேற்றில் வழுக்கி விழுந்து, தாயின் கால்களுக்கிடையே எழுந்து நின்றது. அதைப் பார்த்ததும் சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் சிரித்ததில் கண்களில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

திரும்பும் வழியில் அவள் குணபாலவிடம் துடுப்பைத் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் இடம் மாறி உட்கார்ந்தார். கொழுந்து பறித்தும் கூடை சுமந்தும் முறுக்கேறிய கை அது. வலக்கை அளவுக்கு மிஞ்சி இழுத்ததில் படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது.

"அக்கா, எங்கள இப்பிடியே சுத்திக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்று ஸைனம்பு கேட்டாள். முக்தார் தலை சுற்றுவதாகச் சொல்லிப் படகுக்குள்ளேயே படுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம்தான் அது நடந்தது. விருந்தாளிக்காக வைத்திருந்த தொட்டியில் குளிக்கச் சொல்லி ஸைனம்பு வற்புறுத்தினாள். சுடுதண்ணீரையும் அவளே கொண்டுவந்து ஊற்றினாள். சுப்பம்மா மார்புக்கு மேலே குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தாள். இடுப்பில் இத்தனை வருடமாக இருந்த ஒரு வலி அந்தச் சூட்டில் இளகியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைக்கு மேலே கிளை சடசடவென்று ஆடியது. ஒரு விளாம்பழம் தொட்டிக்குள் விழுந்து முகத்தில் தண்ணீர் தெறித்தது. இன்னும் சில பழங்கள் தரையில் உருண்டன. குரங்கு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். கித்தான் மறைப்புக்கு மேலே ஒரு யானையின் நெற்றி தெரிந்தது. அதன் தும்பிக்கை துணிக்கு மேலாக வளைந்து உள்ளே இறங்கி, தரையில் கிடந்த பழங்களைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

வெளியே எங்கோ தூரத்திலிருந்து குணபாலவின் குரல், பதறாமல், ஆனால் அழுத்தமாக வந்தது. "அக்கே, அசைய வேண்டாம். சத்தம் போட வேண்டாம்."

அவள் அசையவில்லை. தரையில் இருந்த பழங்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. பிறகு தும்பிக்கை தொட்டியின் விளிம்புக்கு வந்தது. நுனியில் ஒரு விரல்போல் இருந்த சதை தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. தொட்டிக்குள் மிதந்த பழம் அவளுடைய முழங்காலருகே இருந்தது. அது இந்தப் பழத்துக்குத்தான் வந்திருக்கிறது, கிடைத்தால் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. தண்ணீருக்கடியில் முழங்காலால் பழத்தை மெல்ல மெல்ல விளிம்புப் பக்கம் தள்ளினாள். தும்பிக்கை அதைச் சுற்றிப் பிடித்தது. போகும்போது அவளுடைய ஈரத் தலைக்கு மேலே ஒரு கணம் நின்று, சூடாக ஒரு மூச்சு விட்டது. சவர்க்கார வாசனை பிடிக்கவில்லையோ என்னவோ, சட்டென்று பின்வாங்கியது. காய்ந்த சருகுகள் நொறுங்கும் சத்தம் மெல்ல மெல்லக் காட்டுக்குள் போய் ஓய்ந்தது.

ஸைனம்பு அழுதுகொண்டே ஓடிவந்தாள். "அக்கா, அக்கா, ஒண்ணும் ஆகல்லயே?"

சுப்பம்மா முகத்தில் தெறித்த தண்ணீரை வழித்துவிட்டாள். "ஒண்ணும் செய்யல நோனா. பழத்த வாங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "தண்ணி ஆறிப்போச்சு, இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த ஸைனம்பு அதைக் கேட்டுச் சிரித்தாள்.

பொழுது படுவதற்குள் குணபாலவும் முக்தாருமாகத் தொட்டியை விளாமரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி வைத்தார்கள். "விருந்தாளிக்கு முந்தி நாங்க இருந்து பாத்தது நல்லதாப் போச்சு" என்று முக்தார் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் நாள் சுப்பம்மா படகை நேராகத் திட்டுவரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். அன்று மத்தியானம் சமைக்கட்டுமா என்று யாரிடமும் கேட்காமல் குசினிக்குள் போய், எல்லோருக்கும் ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கட்டச் சம்பல் இடித்தாள். விருந்தாளியாக இருந்தது போதும், இனி தன் கையால் போட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து கதை சொன்னபோது அழகமுத்து நம்பவில்லை. அடுத்த பருவத்தில் அவனையும் கூட்டிப் போனாள். குணபால நடந்ததை நடந்தபடி சொல்ல, அவன் விளாமரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று படகில் ஏறச் சொன்னதும் மறுப்பே சொல்லாமல் ஏறி, மனைவி துடுப்புப் போட, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தான். யானைகள் நின்றதாக அவனுக்குச் சொன்னார்கள். அவன் பார்க்கவில்லை. ஆனாலும் ஸ்டோரில் உள்ளவர்களிடம் பார்த்ததாகவே சொன்னான்.

அதன்பிறகு ஆடி தொடங்கிக் குளம் வற்றும் மாதங்களில் சுப்பம்மா கீழே இருப்பாள், மழை தொடங்கியதும் மலைக்குத் திரும்புவாள். மறுபடி சண்டை மூண்டு வெள்ளைக்காரர் வரவு குறைந்த வருடங்களில், பலாங்கொடையிலிருந்தும் குருவிட்டையிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பாடசாலை ஆசிரியைகள் சேர்ந்து வந்தார்கள். கல்யாணமான புதுச் சோடிகள் வந்தார்கள். குணபாலவுக்குத் தோள்பட்டையில் நோவு வந்த பிறகு, காலை நேரப் படகு முழுவதும் சுப்பம்மாவின் பொறுப்பானது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் துடுப்புப் போடும்போது, படகில் ஏறத் தயங்கும் பெண்கள்கூட வந்து ஏறிவிடுவார்கள்.

ஒரு தடவை ஓர் ஆசிரியை படகில் இருந்தபடி, "அக்கா, நீங்க முந்தி என்ன வேல செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"கொழுந்து எடுத்தேன் டீச்சர். மழக்காலத்துல இப்பவும் எடுக்கிறேன்."

"இது கஷ்டமா, அது கஷ்டமா?"

சுப்பம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது நின்னுக்கிட்டு, இது உக்காந்துக்கிட்டு" என்றாள். பிறகு துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். திட்டின் ஓரத்தில் ஒரு தாயும் குட்டியும் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. படகு தானாக மிதந்தது.