பின்கழுத்து ஈரம்

புதுவகை கார் பேட்டரி தயாரிக்கும் அந்த உலர் அறையில் மனிதர் விடும் மூச்சுக்கும் கணக்கு உண்டு. வெள்ளி போல மின்னும் லித்தியம் தகட்டில் துளி ஈரம் பட்டால் போதும், கறுத்துவிடும். அப்புறம் குப்பைதான். அதற்காகவே வாசலில் ஒருத்தியை நிறுத்தியிருந்தார்கள். தொப்பியைக் கழற்றச் சொல்லி, பின்கழுத்து வரை விரல் விட்டுப் பார்ப்பாள். தலை ஈரமென்றால் யாராக இருந்தாலும் வெளியேதான். ஒருமுறை மேலாளரையே திருப்பி அனுப்பினாள். அவர் தலையில் இருந்ததே நாலு முடி, அதையும் விடவில்லை. 'பேன் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே, அவளுக்கென்ன.

தன் தங்கைக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். கட்டினவனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு வந்து நின்றவள் அந்தத் தங்கை. அக்கா வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் சொல்லிற்று. வேலை நிரந்தரமானால் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். அந்த வாரம் தாண்டினால் நிரந்தரம்.

அன்று காலை, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடக் கிளம்பும் நேரம் பார்த்து அது அம்மா தலையிலேயே பாலைக் கக்கியது. அக்காதான் தண்ணீர் ஊற்றி அலசி, துண்டால் துவட்டிவிட்டாள்.

"காஞ்சிருச்சு, கொண்டை போட்டுக்க. பஸ் போயிரும்."

அடர்த்தியான முடி மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. அது தெரியாதவளா அவள்? வாசலில் மற்றவர்களை வழக்கம்போல் விரல் விட்டுப் பார்த்தாள். தங்கையை மட்டும் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். நம் வீட்டுப் பெண்தானே.

கொஞ்ச நேரத்தில் ஈரப்பதம் ஏறி அபாய மணி அடித்தது. சோதனைக்கு வைத்திருந்த தகட்டுச் சுருள் முழுவதும் மங்கிப் போயிற்று.

மேலாளர் எல்லாரையும் வெளியே வரிசையாக நிறுத்தினார். "யாரு?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா வரிசையை விட்டு முன்னே வந்தாள்.

"என் தங்கச்சி தலை ஈரம், சார். பாக்காம விட்டது நான். என்னை அனுப்பிடுங்க."

"உங்களை அனுப்பிட்டு வாசல்ல யாரை நிறுத்துறது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "அவங்க தற்காலிகம்தானே."

மதியமே தங்கையின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தம் வரை அக்கா கூட வந்தாள்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் தங்கை.

"எப்படியும் தலையைத் தொட்டுப் பாத்திருப்பாங்கடி."

"யாரு பாத்திருப்பாங்க? பாக்குற ஆளே நீதானே."