வகுப்பில் மிச்சமிருந்த குரல்

நான் பிள்ளைகளைக் கண்ணு, தங்கம் என்று கொஞ்சுகிற ரகம் இல்லை. எனக்கு நாக்கு நீளம், பொறுமை கம்மி. பிள்ளை அழுதால் மூக்கைத் துடைத்துவிட்டு ஸ்லேட்டைக் கையில் கொடுப்பேன், அவ்வளவுதான். கொஞ்சுவதெல்லாம் பக்கத்து வகுப்பு டீச்சரான என் தோழியின் வேலை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் திருவண்ணாமலையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் யூ.கே.ஜி.க்குப் பாடம் எடுத்தோம்.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் பள்ளிக்குக் கொடுத்தார். போவதற்கு முன்னால் அவரும் என் தோழியும் சேர்ந்து அதில் ஓர் எழுத்து விளையாட்டு செய்து வைத்தார்கள். மேலே ஓர் எழுத்து வரும், கீழே மூன்று படங்கள். ‘இ’ வந்தால் இலையை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் “சரி” என்று மட்டும் சொல்லி அடுத்த எழுத்துக்குப் போகும். தப்பாக அழுத்தினால், “இல்லடா கண்ணு, நல்லாப் பாரு. இன்னொரு தரம்” என்று சொல்லும். குரல் என் தோழியுடையது. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மைக்கில் பேசினாள். அப்படியும் ஒரு பஸ் ஹாரனும் அவளுடைய கண்ணாடி வளையல் சத்தமும் உள்ளே புகுந்துவிட்டன. கடைசி எழுத்து முடிந்ததும், “அவ்ளோதாண்டா கண்ணுங்களா. வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்பாள். பிள்ளைகள் கூரை அதிர “போலாம் மிஸ்!” என்று கத்துவார்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. “கையால எழுதிப் பழகாத புள்ளைக்கு இந்தப் பொட்டியத் தட்டி என்னா வந்துடும்?” என்று நக்கலடித்தேன்.

“உன் வாயையும் ஒரு நாள் இதுல புடிச்சுப் போடறேன், புள்ளைங்க தானா அடங்கிடும்” என்று சிரித்தாள்.

அடுத்த ஆடி மாதம் ஜுரம் என்று படுத்தாள். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

இரண்டு வகுப்பையும் சேர்த்து என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுடைய மகளும் இருந்தாள். கருமாதி முடிகிறவரை கம்ப்யூட்டர்மேல் துணி போட்டே வைத்திருந்தோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பிறகு ஒரு நாள் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் துணியை எடுத்தேன். ஒரு பையன் தப்பான படத்தை அழுத்தினான். “இல்லடா கண்ணு” என்றாள் அவள்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா, “ஐயோ, டீச்சரம்மா பேசறாங்க!” என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி, விபூதியோடு திரும்பி வந்து எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் பூசினாள். நானும் வளையல் சத்தம் கேட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள்தான் பயப்படவில்லை. “சரிங்க மிஸ்” என்று பதில் சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்தினார்கள். என் தோழியின் மகள் மட்டும் வந்து, கம்ப்யூட்டருக்கு எதிரில் வரிசையில் நின்றாள்.

சரஸ்வதி பூஜைக்கு ஆயாம்மா பள்ளிக்கூட மணி, பீரோ, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, போன வருஷம் போட்டது போலவே கம்ப்யூட்டருக்கு ஒரு சாமந்தி மாலையும் போட்டாள். போட்ட பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். இறந்தவர் படத்துக்கு மாலை போட்டது போலவே இருந்தது. கழற்றவும் யாருக்கும் கை வரவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம்.

தோழியின் மகள் படிக்கவில்லை. போர்டில் எழுதிக் காட்டினால் வாயே திறக்கமாட்டாள். கம்ப்யூட்டரில் உட்கார வைத்தால் இலைக்கு ஆட்டையும், ஆட்டுக்கு ஏணியையும் அழுத்துவாள். மற்ற பிள்ளைகள் கடைசி எழுத்தை நெருங்கும்போது ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒன்னுக்குப் போக ஓடிவிடுவாள். முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“செத்தவங்க குரல் புள்ளைங்க காதுல விழறது ஆகாதுன்னு பேரண்ட்ஸ் சொல்றாங்க. லீவுல அத அழிச்சிடலாம். அப்புறம், அந்தப் பொண்ணு இன்னும் ஒரு வருஷம் யூ.கே.ஜி.யிலயே உக்காரட்டும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளின் மகள் எழுத்து தெரியாமல் தங்கிப் போவதா? யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. செத்தவள்மேல்கூட இருந்தது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் வராமல் பாதிப் பிள்ளைகள் லீவு. வகுப்பு அமைதியாக இருந்தது. அந்தப் பெண்ணைக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, பின்னால் நின்று திரையையே பார்த்தேன். ‘இ’ வந்தது. திரையில் மவுஸின் அம்பு நேராக இலைக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து ஆட்டுக்கு வந்தது. அழுத்தினாள்.

“இல்லடா கண்ணு, நல்லாப் பாரு.”

அடுத்த முறையும் அம்பு இலைக்குப் போய்விட்டுத்தான் ஆட்டுக்கு வந்தது. குனிந்து காதோரம் கேட்டேன். “உனக்குத் தெரியுதில்ல? அப்புறம் ஏன் தப்பா அமுக்கற?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரியா அமுக்கினா சரின்னு மட்டும்தான் சொல்றாங்க மிஸ். கண்ணுன்னு கூப்பிட மாட்றாங்க. அப்புறம் சீக்கிரம் முடிஞ்சிடுது.”

அன்று சாயங்காலம் அவள் அப்பா வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். இங்கே மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடும் வேலை. மனைவி போனதிலிருந்து அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்று மகளை அழைத்துப் போவார்.

“ஒரு நிமிஷம் உள்ள வாங்கண்ணா” என்றேன். மகளுக்கு எழுத்து தெரியும் என்றும், ஏன் தப்பாக அழுத்துகிறாள் என்றும் சொன்னேன். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

‘அ’ வந்தது. கீழே அணிலும் எலியும் ஓடமும். கை பழகாமல் எலியை அழுத்திவிட்டார்.

“இல்லடா கண்ணு, நல்லாப் பாரு. இன்னொரு தரம்.”

வளையல் சத்தம் கேட்டது. அவர் மறுபடியும் எலியை அழுத்தினார். மறுபடியும். தினமும் பேப்பர் படிக்கிற மனுஷன். அணில் எது என்று தெரியாதா அவருக்கு? கண்ணீர் சட்டையில் சொட்ட, எலியையே அழுத்திக்கொண்டிருந்தார்.

மகள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். “அது இல்லப்பா. அ-னா அணில்ப்பா” என்று அம்பைத் தள்ளிக்கொண்டுபோய் அணிலை அழுத்தினாள். “சரி” என்றது குரல். “ஆ-னா ஆடு.” சரி. “இ-னா இலை.” சரி. எங்கேயும் நிற்கவில்லை, ஒன்றும் தவறவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் அப்பாவுக்கு வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள்.

கடைசி எழுத்து வந்தது. ஒற்றை விரல் எழுந்துவிடுமோ என்று பார்த்தேன். எழவில்லை. அழுத்தினாள்.

“அவ்ளோதாண்டா கண்ணுங்களா. வீட்டுக்குப் போலாமா?”

மற்ற பிள்ளைகள் மாதிரி அவள் கத்தவில்லை. “போலாம்மா” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டு, எழ முடியாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.