விபூதிப் புதனும் நாலு நாள் இடாப்பும்

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், நான் முதலில் வகுப்பு வரவைக் குறிக்கும் இடாப்பைப் பற்றித்தான் பேசுவேன். இந்த அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லையா என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஐம்பதுகளின் நடுவில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமொன்றை ஒட்டியிருந்த கன்னியர் மடத்துப் பாடசாலையில் எனக்கு முதல் வேலை. மூன்றாம் வகுப்பு. ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோரும் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் இந்துப் பிள்ளைகள். நான் ஹட்டனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பக்தியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. இடாப்புக் கூப்பிடுவதிலும் அப்படித்தான். குனிந்த தலை நிமிராமல் பெயர்களை ஓட்டுவேன். குரல் வந்தால் கோடு, வராவிட்டால் வட்டம். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அடித்தல் திருத்தல் இல்லாத இடாப்பு என்று மதர் ஒருமுறை பாராட்டியிருக்கிறார். மதர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி.

தவக்காலம் தொடங்கும் நாளை நாங்கள் விபூதிப் புதன் என்போம். அன்று குருவானவர் நெற்றியில் சாம்பலால் சிலுவை இடுவார். முதல் நாள் நான் வகுப்பில், "நாளைக்குக் காலைல கோயில்ல விபூதி பூசுவாங்க, நேரத்தோட வந்துருங்க" என்று சொன்னேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத்தான் சொன்னேன். கேட்டது வகுப்பு முழுவதும்.

கோயில் வாசலில்

மறுநாள் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றார். இடுப்பில், கொழுந்து பறிப்பவர்கள் சேலைமேல் சுற்றும் படங்கு கட்டியிருந்தார், கையில் ஒரு வெற்றிலை. தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம் அது. அங்கே நிற்காதவருக்கு அன்று வேலையில்லை.

"என்னம்மா வேணும்?"

"விபூதிங்க டீச்சரம்மா. சாமியார் கையால கொஞ்சம் இந்த வெத்தலைல வாங்கிட்டுப் போயிருவேன். புள்ளைக்குக் காய்ச்சலுங்க, கண்ணே தொறக்க மாட்டேங்குது."

"இது ஒங்க விபூதி இல்ல. ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்குத்தான்."

"விபூதில என்னங்க, ஒங்களுது எங்களுது?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கினேன். அவர் வெற்றிலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். சாமியின் வீட்டைக் காப்பாற்றிவிட்டதாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

பூசை முடிந்ததும் மதர் கூப்பிட்டார்.

"அந்தம்மா எதுக்கு வந்தாங்க?"

"காய்ச்சக்காரப் புள்ளைக்கு விபூதி வேணுமாம், மதர். அனுப்பிட்டேன்."

"நற்கருணைன்னா நீ சொல்றது சரி. விபூதிய யாருக்கு வேணும்னாலும் பூசலாமே. சரி, எந்தப் புள்ளைக்கு?"

"கேக்கல, மதர்."

"இடாப்ப எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். செல்வராணி என்ற பெயருக்கு நேரே வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என நான்கு வட்டங்கள். நான்கும் நான் போட்டவை. மதர் திட்டவில்லை. "செருப்பப் போடு, போவோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லயத்தில்

பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். தொட்டால் கை சுட்டது. காலையில் வந்தவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், செல்வராணியின் தாய் மாரியாயி. தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த மருந்தைக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றார். மடத்துக்கு அரிசி இறக்க வந்திருந்த தலவாக்கலைக் கடைக்கார நானாவின் வேனை மேலே கொண்டுவரச் சொல்லி மதர் ஆளனுப்பினார்.

வேனுக்காகக் காத்திருந்தபோது மாரியாயி என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இட்ட சாம்பல் அதில் அப்படியே இருந்தது.

"இதுல கொஞ்சம் எடுத்துக்கவாங்க?"

நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டும் சாம்பல் அது. அதைப் போய்ச் சாகக் கிடக்கும் பிள்ளைக்கா என்று நினைத்தேன். ஆனாலும் தலையைக் குனிந்து கொடுத்தேன். அவர் பெருவிரலால் என் நெற்றியைத் துடைத்து மகளின் நெற்றியில் பூசினார். நான் அன்று செய்த ஒரே ஜெபம் அதுதான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "உயிருக்குப் பயமில்லை. ரெண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தா காதையும் காப்பாத்தியிருக்கலாம்."

நான்கு வட்டங்களில் இரண்டு. அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு

அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரை, இடாப்பில் வட்டம் விழுந்தால் சாயங்காலம் அந்தப் பிள்ளையின் லயத்துக்குப் போய்விடுவேன். இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. முதல் வட்டத்திலேயே போயிருக்க வேண்டியவள் நான்.

இரண்டு மாதம் கழித்துச் செல்வராணி வகுப்புக்கு வந்தாள். முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் குனிந்து பெயர்களை ஓட்டினேன். அவள் பெயருக்குக் குரல் வரவில்லை. பேனா வட்டம் போட இறங்கிவிட்டது. பக்கத்துப் பிள்ளை, "டீச்சர், அவளுக்குக் கேக்காதுங்க. நீங்க மொகத்தக் காட்டிச் சொல்லணும்" என்றாள்.

தலையை நிமிர்த்தி, அவளைப் பார்த்து, மெல்லப் பெயரைச் சொன்னேன். என் உதட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் பெயர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.